முள் ஓடாத வேன்

ஆஸ்பத்திரி வண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் இறங்கியபோது, முன் இருக்கையில் மகளின் மடியில் கிடந்த அப்பாவின் போன் தானாக விழித்துக்கொண்டு வேகத்தைக் காட்டத் தொடங்கியது. வண்டி நகர்ந்தாலே திறந்துகொள்ளும்படி அந்த ஆப்பை அமைத்துக் கொடுத்தவளே அவள்தான். அப்பா பின்னால் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அம்மா அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்பா ஓட்டிய காய்கறி வேனில் வேகம் காட்டும் முள் செத்து வருஷக்கணக்காகிறது. முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போன மழைக்காலத்தில் இவள்தான், "இனிமே இதப் பாத்து ஓட்டுப்பா. முப்பதத் தாண்டினா சத்தம் போடும்" என்று போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் காட்டி, "எம்பொண்ணு பக்கத்துலயே உக்காந்து வர்ற மாதிரி இருக்கு" என்பார்.

நேற்று மதியம் வேன் வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. போனைத் திருப்பிக் கொடுத்த போலீஸ்காரர், "வேகமா வந்திருக்காரும்மா" என்றார். அவள் சண்டைக்கே போய்விட்டாள்.

"எங்கப்பாவா? இதப் பாருங்க சார், கடைசியா பதிவானதே இருபத்தெட்டுதான்."

போலீஸ்காரர் பார்த்துவிட்டு, கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார்.

இப்போதும் அந்த இருபத்தெட்டைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மேல் தப்பில்லை, அது போதும் அவளுக்கு. பாறையை ஒட்டிய வளைவில் போன் இருபத்தாறு என்றது. தற்செயலாக ஓட்டுநர் பக்கம் பார்த்தாள். அங்கே முள் நாற்பதில் நின்றது.

"அண்ணே, உங்க முள்ளு சரியா காட்டுதா?"

"போன வாரந்தான்மா புதுசு மாத்துனோம். ஏன், வேகமா போறேனா?"

"இல்லண்ணே."

பாறை விலகி வானம் திறந்த இடத்தில், ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது இரண்டும் இருபத்தைந்து காட்டின. லாரி வழிவிட்டது. மறுபடி வளைவு, மறுபடி பாறை. முள் நாற்பதுக்கு ஏறியது. போன் இருபத்தேழு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

பாறை வானத்தை மறைக்கும் வளைவுகளில் போன் வேகத்தைக் குறைத்துத்தான் சொல்கிறது. இதை நம்பித்தானே மனுஷன் தினமும் இறங்கினார். பிரேக்கில் வைக்க வேண்டிய காலை இதுதானே எடுக்க வைத்தது. நான்தான்பா, நான்தான்பா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாக அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அது இன்னும் ஓடுதா?"

"ஓடுதும்மா."

"ஓடட்டும், அணைச்சிடாத. நீ அதப் போட்டுக் குடுக்கவேதான் அவரு இத்தன நாளாவது பயமில்லாம ஓட்டினாரு."

"சரிம்மா" என்றாள்.

மலை முடிந்து வண்டி நேர்ச் சாலையைப் பிடித்தது. முள் நாற்பதில் நின்றது. போனும் நாற்பது என்று காட்டி, முப்பதைத் தாண்டியதற்காகக் கத்தத் தொடங்கியது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அவள் அதை அணைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.