மூன்று வருடம் பின்தங்கிய கேமரா

கூலாயில் தாமான் குடியிருப்பு வீட்டில் கண்ணையா வைத்திருந்த கேமரா எதைப் படம் பிடித்தாலும், மூன்று வருடத்துக்கு முன் அந்த இடம் எப்படி இருந்ததோ அப்படித்தான் காட்டியது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் பளிச்சென்று விழுந்தது. ஜொகூர் பாருவில் பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்கும் மூர்த்தி கடையில், மூன்று மாத உத்தரவாதத்தோடு பாதி விலைக்கு வாங்கியது. "என் நிச்சயதார்த்தத்துக்கா பழசு? புதுசே வாங்குங்கப்பா, நான் காசு தரேன்" என்று மகள் லோஷினி தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் கேட்டால்தானே!

நிச்சயதார்த்தத்தன்று முப்பது பேரை நிற்க வைத்துப் படம் பிடித்தார். விழுந்ததோ விருந்தாளிகள் இல்லாத ஹாலும், தரையில் உட்கார்ந்து துணி மடிக்கும் அவர் மனைவி அன்னபூரணியும். ஓரத்தில் 2022 பிப்ரவரி என்று தேதி. அன்னபூரணி செத்து இரண்டேகால் வருடம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு தடவை வாங்கிப் பார்த்து, "நல்லா வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் கேமராவோடு கடைக்குப் போனார். "அலமாக், தேதி செட் பண்ண மறந்துட்டோம் அங்கிள். ரெண்டு நிமிஷம் லா, சரி பண்ணிடுறேன்" என்றார் மூர்த்தி. கண்ணையா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் மாலை போட்டிருந்த படம் அன்னபூரணியின் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது. அதில் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு திதிக்கும் அதன்முன்தான் இலை போட வேண்டியிருந்தது. தன்னைப் பார்த்து அவள் சிரிக்கிற ஒரே ஒரு படம் அவருக்கு வேண்டும். ஆனால் கேமராவின் தேதியும் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டிருந்தது. அக்டோபர் பதினெட்டு வந்தால் அதற்குள்ளும் அவள் செத்துவிடுவாள்.

தினமும் எடுத்தார். அவள் நெத்திலி பொரித்தாள், பூக் கட்டினாள், ஜூனில் இளைத்தாள், ஆகஸ்டில் முடி கொட்டி முக்காடு போட்டுக்கொண்டாள். ஒரு படத்திலும் நிமிரவில்லை. எதிரே ஆள் நின்றால்தானே நிமிர்வாள்?

செப்டம்பர் கடைசியில்தான் கண்ணையாவுக்குப் புத்தியில் உறைத்தது. அவள் செத்த வருடம் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, சாவதற்கு மூன்று நாள் முன்பு, அவர் பக்கத்தில் சோபாவில் இருந்தவள் திடீரென்று முந்தானையைச் சரிசெய்து, ஐஸ்பெட்டி மூலையைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரப் பாத்து இளிக்கிற?"

"நீங்கதான் அங்க நிக்கிறீங்களே."

நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று எரிந்து விழுந்து, அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்தத் தேதி கேமராவில் வந்தபோது கண்ணையா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து ஐஸ்பெட்டி மூலையில் கால் கடுக்க நின்றார். சாயங்காலம் "பூரணி" என்று கூப்பிட்டார். பொத்தானை அமுக்கினார்.

சிரித்துக்கொண்டிருந்தாள், நேராக அவரைப் பார்த்து. பக்கத்தில் ஓர் ஆள் டிவியை முறைத்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குச் சட்டம் போடும் அர்ச்சுனன், "ஜோடியாவே இருக்கட்டுமாண்ணே?" என்று கேட்டார்.

"அந்த ஆள வெட்டிருங்க. பக்கத்துலயே இருந்தும் பாக்கல."

வெட்டிக் கொடுத்துவிட்டார். படம் இப்போது ஹாலில் மாலையோடு இருக்கிறது. கேமராவில் இப்போதெல்லாம் அந்த ஆள் மட்டும் சோபாவில் தனியாக உட்கார்ந்து, ஐஸ்பெட்டி மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணையா தினமும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார்.