மெழுகில் பேசிய காமிலா

மர்ஸூக் முதலாளி பேசுகிற பெட்டி ஒன்றை வாங்கிவிட்டார் என்றபோது பதுளைக் கடைத்தெருவில் பாதிப்பேர் நம்பவில்லை. மீதிப்பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு அவருடைய புடவைக்கடை வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டாம் வருஷம் அது. ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம்; அதற்கு இப்பால் எது வந்தாலும் மாட்டுவண்டியில்தான் வரவேண்டும். மடுல்சீமைப் பக்கத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார் என்று வீட்டுச் சாமானெல்லாம் விற்றார். நாற்காலி வாங்கப் போன மனுஷன் நாற்காலியை மறந்துவிட்டு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வீடே சிரித்துக் கிடந்தது, அவருடைய ஒரே மகள் காமிலாவைத் தவிர. அவளுக்குப் போன வெள்ளிக்கிழமை கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பண்டாரவளை மொஹிதீன் ஹாஜியாரின் மகன் ஷுக்ரி.

பேசி முடித்த அழகைக் கேளுங்கள். கன்னிப்பெண்ணிடம் சம்மதம் கேட்கவேண்டும், அவள் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்பது வழமை. ஹம்ஸியா மாமி உள்ளறைக்கு வந்து கேட்டாள். மாமி மர்ஸூக்கின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. காமிலாவின் உம்மா மௌத்தான இந்த ஆறு வருஷமாக அந்த வீட்டைத் தாங்குகிறவள். நல்ல மனசு, ஆனால் எதையும் பாதி கேட்பதற்குள் மீதியைத் தானே முடித்துவிடுவாள். காமிலா தலையைக் குனிந்தாள். கண்ணில் நீர் முட்டியது. சொல்ல வந்தது வாய்க்கு வருவதற்குள் மாமி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டாள்: "புள்ள தலயக் குனிஞ்சிட்டா! அல்ஹம்துலில்லாஹ்!"

அவ்வளவுதான். கூடத்தில் சர்பத் சுற்றிவந்துவிட்டது.

ஷுக்ரியை அவள் ஒரே ஒருதரம் பார்த்திருக்கிறாள். பண்டாரவளையில் உறவுக்காரர் வீட்டு மாடி ஜன்னலில் நின்றபோது, எதிரே அவன் கடை. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, கிழிந்த சேலையை மாற்றித் தரச்சொல்லி நின்றாள். "ஐயா, நீங்களே பாருங்க, மடிப்புலயே கிழிஞ்சிருக்குங்க" என்றாள், பாவம், மரியாதையாகத்தான். ஷுக்ரி சேலையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். அவளைத் தோளில் பிடித்துத் தள்ளியும்விட்டான். பிள்ளையோடு படியில் விழுந்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைச் சிரித்த முகத்தோடு "வாங்கோ வாங்கோ" என்றான். அந்தச் சிரிப்பைத்தான் காமிலாவால் மறக்க முடியவில்லை. மாமியிடம் சொன்னாள். "யாவாரம் செய்ற ஆம்புளைக்கிக் கோவம் வரத்தான் செய்யும், போ" என்று மாமி அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

வாப்பாவிடம் சொல்லலாம். ஆனால் எப்படி? உம்மா போனபிறகு வாப்பாவும் மகளும் "சோறு ஈக்கிதா?", "ஈக்கிது வாப்பா" என்பதற்குமேல் பேசிப் பழகியதில்லை. பாசம் இல்லாமல் அல்ல. அந்தப் பாசத்தை எந்தப் பக்கமாகப் பிடித்துத் தூக்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். சாவி கொடுத்தால் சுற்றும். வெறும் மெழுகு உருளையைப் பூட்டி, தகரப் புனலுக்குள் பேசினால் குரல் மெழுகில் பதிந்துவிடும். திரும்ப ஓடவிட்டால் அதே குரல் வரும். புனலைக் கழற்றிவிட்டு ரப்பர் குழாய் மாட்டி, டாக்டர் செய்வதுபோல் காதில் வைத்துக்கொண்டால், வைத்தவருக்கு மட்டும் கேட்கும். வாப்பா ஒரு உருளையில் சலவாத்து ஓதினார். கடைக் கணக்கப்பிள்ளை மஹ்ரூபைப் பேசச் சொன்னார்கள், அவன் இருமிவிட்டு, "என்னத்தப் பேச முதலாளி?" என்றான். பெட்டியும் இருமிவிட்டு அதையே கேட்டது. சிரித்துச் சிரித்து வாப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

"பொம்புளைகளும் பேசுங்க" என்றார்.

மாமி சீறிவிட்டாள். "அஸ்தஃபிருல்லாஹ்! பொம்புளட கொரல மெழுகுல வெச்சிட்டு, நாளைக்கி வாறவன் போறவனெல்லாம் கேக்கவா?"

அதுவும் நியாயம்தானே! கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெண்கள் குரல் புனலில் வராது. வாப்பா மட்டும் குழாயைக் காதில் வைத்துக் கேட்பார். அப்படியும் மாமி மறுத்துவிட்டாள். மிஞ்சியது காமிலா.

வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்கு முன்னால் வாப்பா உருளையைப் பூட்டிக் கொடுத்தார். அவள் வாயே திறக்கவில்லை. "சரி, நான் கடைக்கிப் போறேன். நீ தனியாப் பேசு. ரெண்டு நிமிஷம் ஓடும், மெழுக வீணாக்காத. அந்திக்கி நான் கேட்டுக்கிறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். மாமி பின்வளவில் விறகுகாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

புனலுக்கு முகமில்லை. அது தலையைக் குனியச் சொல்லவில்லை. காமிலா கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "வாப்பா, எனக்கி இந்த மாப்பிள வாணாம். நான் பேசாம இருந்தது சம்மதமில்ல, பயம்." பிறகு படியில் விழுந்த பெண்ணைச் சொன்னாள். சொல்லி முடித்தும் மெழுகு மிச்சமிருந்தது. வீணாக்காதே என்றாரே! அதனால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். உங்கள் சட்டையில் இரண்டாவது பித்தான் இல்லை, தைத்துத் தருகிறேன் என்றாள். பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது என்றாள். உம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவவிடம் சொல்லியிருப்பேன் என்றாள். அதோடு உருளை முடிந்தது.

அவள் கணக்கெல்லாம், வாப்பா தனியாக இருந்து கேட்பார் என்பதுதான். ஆனால் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் வண்டி வந்து நின்றது. சனிக்கிழமை நாள் குறிக்க வரவேண்டிய மொஹிதீன் ஹாஜியார், சரக்கு ஏற்ற வந்த கையோடு இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கே வந்துவிட்டார். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன்பே, "எங்க அந்தப் பெட்டி? ஊரெல்லாம் அதே பேச்சு" என்றார்.

திரைக்குப் பின்னால் நின்ற காமிலா எட்டிப் பார்த்தாள். மேசைமேல் மூன்று உருளை, மூன்றும் ஒரே மாதிரி. எது யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வாப்பாவுக்கு மாமியோடு பேசிய பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "கொஞ்சம் இருங்கோ, பொம்புளட கொரல் வந்திரப்படாது" என்று புனலைக் கழற்றிக் குழாயைக் காதில் வைத்தார். கைக்கு அகப்பட்ட உருளையைப் பூட்டினார்.

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். சிரிப்பு நின்றது. புருவம் சுருங்கியது. அவளுடையதுதான்! இப்போது எடுத்துவிடுவார், எடுத்துக் கீழே போடுவார் என்று காத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை. ஹாஜியார் கனைத்தார். ஒரு பெரியவர் வெற்றிலையை மடித்தார். வாப்பா தலையைச் சாய்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒருதரம் அவர் கை சட்டையில் பித்தான் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தது. உருளை ஓடி முடிந்து பெட்டி கரகரத்த பிறகுதான் குழாயை எடுத்தார்.

"என்ன சொல்லுது? நாங்களும் கேப்பமே" என்று ஹாஜியார் புனலைக் கையில் எடுத்தார்.

வாப்பா உருளையைக் கழற்றி, பெருவிரல் நகத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுரண்டினார். மெழுகுத் தூள் மடியில் விழுந்தது.

"ஹாஜியார், மன்னிச்சிக்கோங்க. இந்தக் கலியாணம் நடக்காது."

"என்ன மர்ஸூக் இது? பொண்ணு சம்மதம்னு ஒங்கட ராத்தா தானே சொன்னா?"

"அவ பேசாம இருந்தா. அத சம்மதம்னு எடுத்தது எங்கட பிழ. திரும்பப் போய்க் கேட்டிருக்கோணும், நான் கேக்கல. பிழ முழுக்க ஏன்டது."

"காரணம்?"

"புள்ளக்கி விருப்பமில்ல. வேற காரணம் தேவையில்ல."

ஹாஜியார் எழுந்தார். கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று திரும்ப மாற்றிக்கொண்டு போனார். பதுளையில் இனி ஒரு மாசத்துக்கு வேறு பேச்சு இருக்காது. மாமி அடுக்களையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். காமிலாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. அல்லாஹ்வே, எனக்கு இப்படி ஒரு வாப்பாவைக் கொடுத்தாயே என்று வாய்விட்டே சொன்னாள்.

வெளியே வந்தபோது அவர் அந்த உருளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தாள்.

"மொதல் சொல்லுலயே எனக்கு வெளங்கிட்டு மவ. அப்பவே எடுத்திருக்கலாம்" என்றார். "ஏலாமப் போச்சு. உம்மா போனதுக்குப் பொறகு ஓன்ட கொரல இவ்வளவு நேரம் நான் கேட்டதேயில்ல. பூனைக்குட்டிக் கதையும் கேட்டேன். முடிஞ்சிரப் போகுதேன்னு இருந்திச்சு." விரலால் மெழுகைத் தடவினார். "அவங்க கையில பட்டிரக் கூடாதுன்னு அழிச்சிட்டேன். இனி அது வராது."

காமிலா அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கையிலிருந்த உருளையை வாங்கி அப்பால் வைத்தாள்.

"நான் இங்கதானே ஈக்கிறேன் வாப்பா. கேளுங்க. குட்டி நாலுமே கறுப்பு."