கடைசி இடத்துக்குச் சண்டை

இத்தாலியின் அங்கோனாத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும்போதே சிஸ்டர் யாசென்கா ஒரு முடிவோடுதான் இறங்கினாள். யாத்திரை முடிந்து ஊர் திரும்பும் வரை யாரோடும் சண்டை போடக் கூடாது.

முடிவு அவளாக எடுத்ததில்லை. குரோவாஷியாவில், ஸ்பிளிட் நகரத்து மடத்தில் அவள் சமையற்காரியோடு மோதியாயிற்று, பாடகர் குழுவோடு மோதியாயிற்று, ஆஸ்பத்திரி வார்டில் பெரிய டாக்டரையே வெளியே போகச் சொல்லியாயிற்று. கிளம்பும்போது மடத்துத் தலைவியான மதர் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: “இத்தாலியிலேருந்து உன்மேல ஒரே ஒரு புகார் வரட்டும். அப்புறம் சாகற வரைக்கும் உனக்குச் சலவை அறைதான்.” மதர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

அசிசி ஸ்டேஷனில் அவளை அழைத்துப் போக வந்திருந்தவர் பிரதர் கௌதென்சியோ. அறுபத்தைந்து வயது, பழுப்பு அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறு, எலுமிச்சையைக் கடித்த முகம். அசிசியிலிருந்து ரியேத்திப் பள்ளத்தாக்கு வரை போகும் நடைப்பயணத்தை இருபது வருடமாக அவர் ஒருவரே நடத்தி வந்திருக்கிறார். இந்த முறை கூட்டத்தில் பாதிப் பேர் குரோவாஷியாக்காரர்கள் என்பதால், இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டும் என்று மேலிடம் கேட்டு வாங்கியிருந்தது.

“சமாதானமும் நன்மையும், சிஸ்டர்” என்றார். பிரான்சிஸ் சபைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வணக்கம்தான் அது. அவர் சொன்ன தோரணையில் ‘அடுத்த ரயிலுக்குத் திரும்பிப் போ’ என்பது போல இருந்தது.

“சமாதானமும் நன்மையும், பிரதர். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு வந்தேன்.”

“நான் கேக்கல. மேல கேட்டிருக்காங்க.” சொல்லிக்கொண்டே அவள் பெட்டியைப் பிடுங்கினார்.

“விடுங்க, நானே தூக்கிக்கிறேன்.”

“எனக்குன்னு சொந்தமா ஒண்ணும் கிடையாது. தூக்கறதுக்காவது ஏதாச்சும் இருக்கட்டும்.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பெட்டியின் கைப்பிடி அவள் கையோடு வந்துவிட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து. பாரத்தைச் சுமந்து கஷ்டப்படுவதாகக் காட்டிக்கொள்கிறார் என்று யாசென்கா நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

உலகத்தில் மற்றவர்கள் முதல் இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். புனித பிரான்சிஸின் பிள்ளைகளுக்கு அது கேவலம்; அவர்கள் கடைசி இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். ‘நான் எல்லோரிலும் சிறியவன்’ என்று ஒருவர் சொன்னால், ‘உன்னைவிட நான் சிறியவள்’ என்று அடுத்தவர் கையை முறுக்குவார். யாத்திரிகர் விடுதியில் அன்று மத்தியானம் அதுதான் நடந்தது. கழிப்பறையை ஒட்டிய அறை யாருக்கு என்பதில் ஒரு தகராறு. விரிசல் விட்ட தட்டு யாருக்கு என்பதில் இன்னொன்று. பயறு சூப்பை முதலில் யார் ஊற்றிக்கொள்வது என்று “நீங்க”, “இல்ல, நீங்க” என்று இருவரும் இளித்துக்கொண்டே நின்றதில் சூப் ஆறி ஏடு படிந்துவிட்டது. பசியில் உட்கார்ந்திருந்த யாத்திரிகர்கள் கரண்டியும் கையுமாக இந்தப் பணிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வழியைப் பற்றிப் பேச்செடுத்தார். “நாளைக்கு நீங்க சிலுவையப் பிடிச்சுட்டு முன்னாடி போங்க. நான் கடைசியில வர்றேன்.”

“எனக்கு வழியே தெரியாதே.”

“மரத்துல எல்லாம் மஞ்சளும் நீலமுமா கோடு போட்டிருக்கு. அதப் பாக்கறதுக்குப் படிப்பு எதுவும் வேணாம்.”

“நேத்து வந்தவ நான். கடைசி இடம் எனக்குத்தான் சேரும், பிரதர்.”

“இருபது வருஷம் முன்னாடி நடந்து ஆணவம் ஏறிப் போச்சு. இப்பவாவது தாழ்மையா இருக்க விடுங்களேன், சிஸ்டர்.”

அவருடைய கணக்கு யாசென்காவுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். முன்னால் போய் இவள் வழி தவறி நிற்க வேண்டும். பின்னால் வரும் மகான் சிதறிய ஆடுகளைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். மறுநாளே மதருக்குச் செய்தி போக வேண்டும். அப்படியே ஆகட்டும் என்று தலையை ஆட்டிவிட்டு அறைக்குப் போய்த் தலையணையைக் குத்தினாள்.

இந்த யாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுவதற்கு முந்திய மாலையும், பிறகு தங்கும் இடங்களில் ஒவ்வொரு மாலையும், வழிநடத்துகிறவர்கள் யாத்திரிகர்களின் கால்களைக் கழுவுவார்கள். இந்த முறை வழிநடத்த இருவர் என்பதால், கடைசியில் ஒருவர் காலை ஒருவர் கழுவிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை கூடத்தில் எல்லோர் காலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிய கௌதென்சியோ, யாசென்காவின் முறை வந்ததும் எழுந்து போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்தார். மலைத் தண்ணீர். காலில் பட்டதும் அவளுக்குக் குளிர் உச்சி வரை ஏறியது.

“நம்ம பிரான்சிஸ் கிட்ட ஹீட்டர் இல்ல” என்றார் அவர், புன்னகையோடு.

“ரொம்ப நன்றி. இப்ப உங்க காலைக் குடுங்க.”

“வேணாம், சிஸ்டர். அதுக்கு நான் தகுதியில்லாதவன்.”

“குடுங்க.”

“வேணாம்னு சொல்றேன்ல.”

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. இதிலும் தன்னைத் தாழ்த்திக்கொண்டு என்னை ஜெயிக்கப் பார்க்கிறாயா என்ற ஆத்திரத்தில் யாசென்கா மண்டியிட்டபடியே அவர் கணுக்காலைப் பிடித்து, சாக்ஸைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

சாக்ஸ் வரவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் வந்தது, நாற்றத்தோடு. பெருவிரலுக்குக் கீழே காலணா அகலத்துக்குக் கறுத்த ஓரத்தோடு ஒரு புண்.

யாரோ மூக்கைப் பொத்தினார்கள். யாசென்கா தானாகவே, வார்டில் நோயாளிகளுக்குச் செய்கிற மாதிரி, கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்தினாள். “வலிக்குதா?”

“இல்ல.”

“அதான் பிரச்சினையே. சர்க்கரை எத்தனை வருஷமா?”

அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. “சாக்ஸை மாட்டு. கொப்புளம்னு சொல்லு. மெதுவா கடைசியில நடந்து வந்துடுவேன், யாருக்கும் தெரியாது. உங்க மதர்கிட்ட உன்னப் பத்தித் தங்கமானவன்னு சொல்றேன்.”

“மாட்டலன்னா?”

“விடிஞ்சதும் போன் போடுவேன். இந்த நடையை விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல. ஒருதடவை உக்காரவெச்சாங்கன்னா அப்புறம் முதியோர் மடம்தான்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசி இடத்தை அவர் கேட்டது நொண்டுவதை மறைக்க. அதைப் பணிவுப் போட்டி என்று எடுத்துக்கொண்டு, இத்தனை பேர் முன்னால் அவர் மானத்தை உரித்துவிட்டாள். அவமானமாக இருந்தது. சலவை அறையின் ஆவி முகத்தில் அடித்தது. சாக்ஸை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், கால் ஒன்றைத் தவிர.

அவள் எழுந்து நின்றாள். “பிரதர் நாளைக்கு நடக்க மாட்டார். சாமான் வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போறார்” என்றாள், இரண்டு பாஷையிலும்.

“இவளுக்கு என்னை முந்திட்டுப் போகணுமாம், அதான்” என்றார் கௌதென்சியோ எல்லோருக்கும் கேட்கும்படி. “காலைக் கழுவற சாக்குல காலை வாரிட்டா.”

மறுநாள் நடை முழுக்க அவளிடம் யாரும் முகம் கொடுக்கவில்லை. அவரோடு பல வருடம் நடந்த பெருஜியாக்காரி நெரீனா, யாசென்கா நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை வாங்காமல் வாய்க்காலில் குனிந்து குடித்தாள். “எங்கிருந்தோ வந்து ஒரு நல்ல மனுஷனை வண்டியில ஏத்திட்டா” என்று ஒலிவத் தோப்பு முழுக்கப் பேச்சு. யாசென்கா சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அங்கிப் பையில் போன் அடித்துவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு அடியிலும் இருந்தது.

ஸ்பெல்லோவில் தங்கினார்கள். மாலை அவள் ஒருத்தியாகவே எல்லோர் காலையும் கழுவினாள். வரிசை முடியும் நேரத்தில் வண்டி வந்து நின்றது. ஒரு காலில் பெரிய கட்டோடு கௌதென்சியோ ஊன்றுகோலில் வந்து, கடைசி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றாள்.

“இன்னும் ஒரு வாரம் நடந்திருந்தா காலை எடுத்திருப்பாங்களாம். அதுக்காக உனக்கு நன்றி சொல்லுவேன்னு பாக்காத. உங்க மதருக்குப் போன் போட்டேன்.”

அவள் கைகள் அப்படியே நின்றன. “என்ன சொன்னீங்க?”

“உன்னோட ஒரு நாள் கூட யாராலயும் வேலை பாக்க முடியாதுன்னேன்.”

“மதர்?”

“‘தெரியும், திருப்பி அனுப்பிடுங்க’ன்னாங்க.”

“சரி” என்றாள் யாசென்கா.

“என்ன சரி? கால் ஆறட்டும், நானே விரட்டுறேன், அதுவரைக்கும் அவ இங்கதான் இருக்கணும்னு சொல்லிட்டேன். ஆற அடுத்த வருஷம் ஆகும்னு டாக்டர் சொல்றான்.”

ஸ்பெல்லோவுக்கு வந்து சேர்ந்ததுமே அவருக்கென்று ஒரு குடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை அவள் பிடித்து வைத்திருந்தாள். அதைக் காலால் தள்ளிவிட்டு, கெட்டிலிலிருந்து வெந்நீரைத் தொட்டியில் ஊற்றினாள். சூடு தெரியாத கால். முழங்கையை விட்டுப் பதம் பார்த்தாள்.

கௌதென்சியோ கட்டில்லாத காலை மட்டும் நீட்டினார்.

“இத மட்டும் கழுவு. அந்தக் கால் உன்ன இன்னும் மன்னிக்கல.”