பெரட்டு நேரத்தில் வந்த பஸ்

ஏழாம் நாள் சாயங்காலம் கண்டக்டர் கருணாகரன் அந்த எண்ணிக்கையைச் சொன்ன பிறகு அய்யாவு தேத்தண்ணியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.

"நாப்பத்தொண்ணுங்க. ஏழு நாளைக்கும் சேத்தி அவ்வளவுதானுங்க."

பத்து நாளில் இருநூறு டிக்கெட் கிழிந்தால்தான் காலை பஸ் மூங்கிலாடி தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்குத் தொடர்ந்து வரும். இல்லையென்றால் பழையபடி நாலு மைல் மேலே, மெயின் ரோட்டோடு நின்றுவிடும். ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் ஓட்டிப் பார்ப்பது என்று டிப்போவில் எழுத்தாகவே கொடுத்திருந்தார்கள். மிச்சம் மூன்று நாள்.

அய்யாவுவின் பெண்டாட்டி சுப்பம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி கூடலூர் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒன்பதரைக்கு அங்கே கட்டிலில் படுத்திருக்க வேண்டும். பஸ் வருமுன் வீங்கிய காலோடு அந்த நாலு மைல் ஏற்றத்தை அவள் நடந்தே ஏறினாள். பத்தடி நடப்பாள், உட்காருவாள். யானை நிற்கிறதா என்று அய்யாவு வளைவுக்கு வளைவு முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருவார். மழைக்காலத்தில் இரண்டு தடவை முடியாமல் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை திரும்பிய மறுநாள் மூச்சு முட்டி, அவள் கண் செருகிப்போனது. இன்னொரு தடவை அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

ஓட்டுக் கேட்டு ஜெயித்து நன்றி சொல்ல எம்.பி. வந்தபோது மனு எழுதிக் கொடுத்தது அய்யாவுதான். இரவுப் பள்ளியில் முப்பத்தெட்டு வயதில் பிடித்த எழுத்து. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆனது. எம்.பி. அதை நாலாக மடித்துப் பையில் வைத்தபோது, "போச்சு, வடை மடிக்க ஆச்சு" என்றாள் கொழுந்தெடுக்கும் மாரியாயி.

ஆனால் மனுஷன் பேசிவிட்டார். பாராளுமன்றத்தில் அவர் எழுந்து நின்ற அந்த ரெண்டு நிமிஷத்தை லயமே போனில் பார்த்தது. "என் தொகுதியில் டயாலிசிஸ் செய்துகொள்ள நாலு மைல் மலையேறிப் போகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஜீப்புக்காக வழியில் காத்துக் கிடக்கிறார்கள். காலை ஏழரை மணிக்கு லயத்துக்கே ஒரு பஸ் விட வேண்டும்" என்றார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தும் உட்காரவில்லை. லயத்தில் விசில் பறந்தது.

ஏழரை மணி. அங்கேதான் வந்தது வினை.

எஸ்டேட்டில் ஏழரைக்குப் பெரட்டு. லயத்திலிருந்து ஒன்றரை மைல் மேலே இருக்கிற களத்தில் வரிசையாக நின்று வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். சீக்காளியும் அங்கே போய் லீவு சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முப்பது வருஷமாகத் தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த அய்யாவுக்கு நாள் தொடங்குவதே ஏழரைக்குத்தான். மனு எழுதும்போதும் கை தானாக அந்த நேரத்தைப் போட்டுவிட்டது. எம்.பி. அதை அப்படியே வாசித்தார். டிப்போவும் அப்படியே பஸ்ஸை விட்டது. முதல் நாள் பஸ்ஸுக்குப் பூசணிக்காய் உடைத்தவர்களே, உடைத்த கையோடு பெரட்டுக்கு ஓடினார்கள்.

"ஏழு மணிக்கு வரக்கூடாதா தம்பி?" என்று கருணாகரனிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"ஏனுங்க, பார்லிமெண்டுலயே ஏழரைன்னு பதிவாயிருக்குதுங்க. நானும் டிரைவரும் சேந்து அதை மாத்த முடியுமுங்களா?"

பெரட்டை எட்டு மணிக்கு மாற்றச் சொல்லி ஃபீல்டு ஆபீசர் ஷிஜோவிடம் போனார். பாலக்காட்டுக்காரன், முப்பது வயதுகூட இருக்காது. "டயம் மாத்தணும்னா கொச்சி ஹெட் ஆபீஸ்ல சொல்லணும் அய்யாவு. ஞான் ஆரு? ஒரு புக்கும் பேனாவும்" என்று கையை விரித்தான்.

அந்த ஏழாம் நாள் சாயங்காலம் குழாயடியில் குடத்தோடு நின்ற மாரியாயியிடம் எண்ணிக்கையைச் சொன்னார்.

"ஏண்ணே, ஊரு ஒலகமெல்லாம் ஏழரை தொலையட்டும்னு எள்ளு வௌக்குப் போடுது. நீ மனு எழுதியில்ல கூப்புட்டு வச்சிருக்க" என்றாள் அவள். பிறகு குடத்தை இறக்கிவிட்டு விரல் விட்டு எண்ணினாள். "மிச்சம் நூத்தி அம்பத்தொம்பது. மூணு நாளு. நாளைக்கு அம்பத்துமூணு. லயத்துல கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க அம்பத்தெட்டு பேரு இருக்கோம்ணே."

"இருந்து? அந்த நேரத்துக்கு நீங்கல்லாம் பெரட்டுல நிப்பீங்க."

"பஸ்ஸு பெரட்டுக் களத்து வழியாத்தான போவுது? ஏழரைக்கு இங்க ஏறுனா ஏழே முக்காலுக்கு அங்க. பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு சும்மா, ஆனா கணக்குல ஏறும். ஒருத்தி லேட்டா போனா அந்த ஆபீசரு விரட்டுவான். அம்பத்தெட்டு பேரையும் விரட்டிட்டு, கொழுந்த அவனா வந்து எடுப்பான்?"

மறுநாள் புதன்கிழமை. காலையில் தலையில் மழைக்குப் போர்த்திய படங்குச் சாக்கும் முதுகில் கொழுந்துப் பையுமாகப் பெண்கள் லயத்து வாசலில் கூடி நின்றார்கள். ஐம்பத்தாறு டிக்கெட். கருணாகரன் மெஷினைத் தட்டித் தட்டிக் கட்டைவிரலை உதறினான். முன் ஸீட்டில் சுப்பம்மாவைச் சாய்த்து உட்கார வைத்திருந்த அய்யாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஷிஜோ புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் பார்க்க முடியவில்லை. பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம். மாரியாயிக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. மலையில் நின்றால் எடுக்க மாட்டாள். மலைக்கு விட்டானா, வீட்டுக்கே விரட்டினானா? தன் பெண்டாட்டி ஒருத்திக்காக ஐம்பது வீட்டு அடுப்பில் மண்ணைப் போட்டோமோ? வராந்தாவுக்குப் போனார், வந்தார். கேட்டு வரைக்கும் போனார், வந்தார்.

"என்னாங்க," என்றாள் கட்டிலில் கிடந்த சுப்பம்மா, "மிசினு எனக்கு ஓடுதா, ஒங்களுக்கு ஓடுதா?"

சாயங்காலம் லயத்தில் இறங்கியதும் மாரியாயியைத் தேடிப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் நிக்க வச்சான். கொச்சிக்குப் போன் போட்டான். அப்புறம் எல்லாருக்கும் அரைப் பேரு போட்டான்."

அரை நாள் கூலி. அய்யாவு படியில் உட்கார்ந்தார்.

"நாங்களும் அரைக் கொழுந்துதான் எடுத்தோம்" என்றாள் மாரியாயி. "லாரி பாதி காலியா போச்சு. ஃபாக்டரியிலேர்ந்து அவனுக்கு விழுந்த ஏச்சு அந்த மலைக்கே கேட்டுச்சு."

"போதும் தங்கச்சி. நான் அவள எப்புடியாச்சும் தூக்கிட்டுப் போயிக்கிறேன். நாளைக்கு யாரும் ஏற வேணாம்."

"யாருண்ணே நீ, நிறுத்தச் சொல்ல? ஒம் பொண்டாட்டிக்காகன்னா நெனச்ச? எம் மருமவளுக்கு எட்டு மாசம். எம் மூத்த மவ ஜீப்புலயே பெத்தா. பிள்ள ரோட்டுலயே போச்சு. போய்த் தூங்கு."

வியாழக்கிழமை சுப்பம்மாவுக்கு ஆஸ்பத்திரி இல்லை. அய்யாவும் கவ்வாத்துக் கத்தியோடு பஸ்ஸுக்குத்தான் நின்றார். ஏழு மணிக்கு அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். அரைக் கூலி போன வீடுகளில் புருஷன்மார் சத்தம் போட்டிருப்பார்கள். நாலைந்து பேர் குனிந்த தலையோடு அவரைக் கடந்து களத்துப் பக்கம் ஏறிப் போனார்கள். அவர் ஒதுங்கி வழி விட்டார்.

அப்போது மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஷிஜோ. ஏறிப் போனவர்களையும் கையோடு திருப்பிக் கூட்டி வந்திருந்தான்.

"எல்லாரும் இவிட நில்லுங்க" என்றான். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டுப் புத்தகத்தை விரித்தான். "டயம் மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. பெரட்டு எவிட வைக்கணும்னு ஆர்டர்ல எழுதியிட்டே இல்ல. ஞான் நேத்து ராத்திரி முழுக்க வாசிச்சு நோக்கி."

மாரியாயி இடுப்பில் கை வைத்தாள். "அப்ப பஸ்ஸுலயா சார் பெரட்டு?"

"கொழுந்து முத்திப் போகுது. எனக்கு எடை வேணும். பஸ் வந்தா எல்லாரும் கேறு, அதுலதான் பெரட்டு."

சேதி லயத்துக்குள் ஓடியது. பஸ் ஹாரன் கேட்கிறபோது சாக்கும் பையுமாகக் கதவுகள் திறந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஷிஜோ படிக்கட்டில் நின்று பேர் கூப்பிட, உள்ளேயிருந்து குரல்கள் பதில் சொல்லின. கருணாகரன் அவன் தோளைத் தொட்டான்.

"சார், டிக்கெட்டு."

"ஞான் டியூட்டியிலா."

"நானும் டியூட்டியிலதானுங்க இருக்கேன்."

பஸ்ஸே சிரித்தது. ஷிஜோ சில்லறை தேடினான். அன்றைக்கு நாற்பத்தொன்பது. கடைசி நாளுக்கு ஐம்பத்துநாலு வேண்டும்.

வெள்ளிக்கிழமை கவ்வாத்துக்காரர்களும் மருந்தடிக்கிறவர்களும் நடந்து போகாமல் வந்து நின்றார்கள். மாரியாயி, நிறைவயிற்றோடு இருந்த மருமகளைச் செக்கப்புக்காக ஏற்றிவிட்டு, அவளுக்கு ஸீட் தரச் சொல்லி ஒரு இளவட்டத்தின் காதைத் திருகினாள். நிற்க இடமில்லை. வண்டி கிளம்பவும் கருணாகரன் மெஷினைப் பார்த்தான். திரும்ப ஒரு தடவை பார்த்தான்.

"இன்னைக்கு அம்பத்தேழுங்க. மொத்தம் இருநூத்தி மூணு. ரிப்போர்ட்டு நானே எழுதிக் குடுத்தர்றனுங்க, திங்கக்கெழம வண்டி வருமுங்க" என்றான்.

யாரோ குலவை போட்டார்கள். அய்யாவு சுப்பம்மாவின் வீங்கிய பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே ஷிஜோ பேர் வாசித்து வந்தான். "அய்யாவு!"

"லீவு சார்."

"பஸ்ஸுக்குள்ள குந்திக்கிட்டே லீவு கேக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் மாரியாயி.

களத்தில் பஸ் நின்றது. பெண்கள் சாக்கைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்கள். பின்னாலேயே கவ்வாத்துக்காரர்களும் கத்தியோடு இறங்கினார்கள். அய்யாவும் தன்னை அறியாமல் பாதத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து, படி வரைக்கும் போய்விட்டார்.

"எங்கங்க போறீங்க?" என்றாள் சுப்பம்மா. "வந்து உக்காருங்க. பஸ்ஸு போவுது."