தாயம்மா ஏறிய கப்பல்

திருவொற்றியூரில் ஞாயிறுதோறும் கூடுகிற வாசகர் வட்டத்துக்குச் சங்கமித்ரா ஒழுங்காகப் போய்வந்தாள். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வியாசர்பாடியில் அம்மா தாயம்மாவோடு இருந்தாள். 2003இல், வட்டத்தை நடத்திவந்த மஜீது ஒரு யோசனை சொன்னார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கெங்கிருந்தோ வடசென்னைக்கு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுத வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடலாம் என்றார்.

சங்கமித்ரா எழுதினாள். அவளுடைய அப்பா கிருஷ்ணப்பன் ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை செய்த தமிழர். அம்மா பர்மாக்காரி. தாயம்மா என்பது அப்பா வைத்த பெயர். அறுபதுகளில் பர்மா அரசாங்கம் இந்தியர்களை வெளியேற்றியபோது குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் வந்தது. அப்போது சங்கமித்ராவுக்கு எட்டு வயது. ரங்கூன் தெருவில் அவளைக் ‘கலா’ என்பார்கள். இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் வார்த்தை. இங்கே பள்ளிக்கூடத்தில் ‘சப்ப மூக்கி’ என்றார்கள். அங்கே அப்பாவின் நிறமும் இங்கே அம்மாவின் முகமும் அவளைக் காட்டிக்கொடுத்தன என்று எழுதியிருந்தாள். மஜீது படித்துவிட்டு ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றார்.

விஷயம் அண்ணன் வல்லரசு காதுக்குப் போனது. அவன் அப்பாவை உரித்துவைத்தவன். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. காசிமேட்டில் குடியிருந்தான். மகள் மதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினான். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் என்று பையன் வீட்டுக்குத் தெரியும். அம்மாவே பர்மாக்காரி என்பது தெரியாது. புத்தகத்தில் வந்தால் சம்பந்தம் நிற்காது, அந்தப் பகுதியை எடுத்துவிடு என்றான். அதனால்தான் பேத்தியின் பேச்சுவார்த்தை எதற்கும் அம்மாவை அழைக்கவில்லையா என்று சங்கமித்ரா கேட்டாள். அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தாயம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாய், படி என்றாள்.

சங்கமித்ரா படித்தாள். பள்ளிக்கூடம் வந்த இடத்தில் தாயம்மாவின் கை நின்றது.

“இஸ்கூல்ல உன்ன அப்டியா கூப்ட்டாங்க?”

“ஆமாம்மா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

சொன்னால் அம்மாவுக்கு வலிக்கும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல் சங்கமித்ரா மேலே படித்தாள். ‘வேறு வழியில்லாமல் அம்மாவும் கப்பலேறினாள்’ என்ற வரி வந்தது. தாயம்மா கீரையைத் தள்ளிவைத்தாள்.

“அது தப்பு. எனக்கு வழி இருந்திச்சி. நீ இந்த நாட்டுக்காரி, நீ போக வேணாம், புள்ளைங்களையும் வச்சிக்கோன்னு ஆபீசர் சொன்னாரு. எங்கம்மா என் காலப் புடிச்சிகினு அழுதிச்சி. உங்க நைனாவும் இருந்துக்கோன்னுதான் சொன்னாரு. நான்தான் வரேன்னு சொன்னேன்.”

“ஏம்மா?”

“அங்க இருந்தா உங்க ரெண்டு பேரையும் சாவுற வரிக்கும் கலான்னுதான் கூப்டுவாங்க. இங்க உங்க ஜனம் கீது, யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

பிறகு தாயம்மா கீரையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, எதையும் எடுக்காதே, அந்த வரியை மட்டும் மாற்று, என் சொந்தப் பேரையும் போடு என்றாள். மா சேன் யீ. அந்தப் பெயரை அம்மா வாயால் சங்கமித்ரா கேட்டது மிகக் குறைவு. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மதியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று தாயம்மா அழைக்காமலே காசிமேட்டுக்குப் போனாள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பையனின் அம்மா, உங்களுக்கு எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டாள். ரங்கூன், நான் பர்மாக்காரிதான் என்று தாயம்மா சொன்னாள். கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். சில நாள் கழித்து, பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று தகவல் வந்தது. வேறு காரணம் எதுவும் அவர்கள் சொல்லவில்லை.

மதிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அழுதாள். அத்தையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வல்லரசு வியாசர்பாடிப் பக்கமே வரவில்லை. அம்மா தானாகப் போய்ச் சொன்னதுதான், ஆனால் அம்மாவை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தது தன் எழுத்துதான் என்று சங்கமித்ராவுக்குப் பட்டது. மஜீதிடம் போய் எழுதியதைத் திருப்பிக் கேட்டாள். அவர் மறுக்காமல் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததைப் பார்த்த தாயம்மா, “எங்கதய நீ எப்டி எடுப்ப? போய்க் குடு” என்றாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சங்கமித்ரா திருவொற்றியூரில் இறங்கி, அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வெளியீட்டு விழாவுக்குத் தாயம்மா வந்தாள். பர்மிய மொழியில் ஏதாவது சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டார். பேச ஆளில்லாமல் பாதி மறந்துபோச்சு என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வல்லரசு ஆவணி மாதத்தில் ஒருநாள் வந்தான். தங்கையைப் பார்க்காமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். மதிக்கு மீஞ்சூரிலிருந்து ஒரு இடம் வந்திருப்பதாகச் சொன்னான்.

“அவங்ககிட்ட மொதல்லயே சொல்ட்டேன்.”

“இன்னான்னு?”

“எங்கம்மா பர்மாக்காரின்னு.”

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தாயம்மா கேட்கவில்லை. வருகிற ஞாயிறு வருகிறார்கள், நீயும் காலையிலேயே வந்துவிடு என்று அவனே சொன்னான். சங்கமித்ரா தட்டு வைத்தாள். அவன் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.