பெருங்காயம் மணக்கும் கை

1

இந்தக் கதை ஒரு கையிலிருந்து பிறந்தது. பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், பக்கத்திலிருந்த நண்பரின் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். நண்பர் வெடுக்கென்று உதறினார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு. எதற்கும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

2

ஐப்பசி மழையில் கொசஸ்தலை ஆறு செந்நிறமாகப் பொங்கி, கரைகளைத் தழுவி

(வேண்டாம். தழுவுகிற ஆற்றில் மீன் சிக்காது.)

பருத்திப்பட்டு கோதண்டமும் கரையான்சாவடி மோகனும் ஐப்பசி பிறந்தால் சேர்ந்தே ஆற்றுக்குப் போகிறவர்கள். புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது தக்கை மிதக்கவிட்டுப் பிரயோஜனமில்லை. ஈயம் கட்டி, மண்புழுவை அடியில் கிடத்தினால் கெளுத்தி வரும். மழை விட்டுத் தண்ணீர் தெளிந்த பிறகுதான் கெண்டை. அதற்குப் பெருங்காயம் பிசைந்த மாவு உருண்டை. தடுப்பணைக்குக் கீழே ஒரு மடு இருக்கிறது. ஒருவரை விட்டு ஒருவர் அங்கே போவதில்லை என்பது பேச்சு.

வருகிற தை மாதம், மோகனின் மகன் கோபிக்குத் தன் மகள் கிருஷ்ணப்பிரியாவைக் கொடுக்கிறார் கோதண்டம்.

3

மழை விட்டு வெயில் அடித்ததும் கோதண்டம் போன் போட்டார்.

"தண்ணி இன்னும் கலங்கிகினுதான் கீது மச்சான். இப்போ வேணாம்" என்றார் மோகன்.

ஆற்றைப் பார்க்காதவருக்குத் தண்ணீரின் நிறம் எப்படித் தெரியும்? அன்று சாயங்காலம் மண்டபம் பற்றிப் பேச மோகன் வந்தபோது, கோதண்டம் அவர் கையைப் பிடித்து மோந்தார். பெருங்காயம்.*

"மீனுக்கே பொய் சொல்றவன் ஊட்ல நம்ம பொண்ணு இன்னா பாடு படுமோ" என்று மனைவி நாகம்மாளிடம் புலம்பினார்.

"பொடவ எடுத்தாச்சு. இப்ப வந்து மீனு கீனுன்றியே, இன்னாய்யா நீ!"

* சாம்பார் சாப்பிட்டவர் கையும் அப்படித்தான் மணக்கும். இதைக் கோதண்டத்திடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கதை இங்கேயே படுத்துவிடும்.

4

(மோகன்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. கெட்டவர் என்று எழுதினால் கதை தானாக ஓடுகிறது. நல்லவர் என்று எழுதினால்)

மறுநாள் காலை கோதண்டம் மோகனுக்குப் போன் செய்து, "ஜொரமா கீது மச்சான், ஊட்லயே படுத்துனு கீறேன்" என்றார். பிறகு தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நாகம்மாள் கேட்கவில்லை. மீனுக்குக் கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது.

தண்ணீர் தெளிந்து கிடந்தது. மடுவில் தூண்டிலைப் போட்டுவிட்டு மோகன் உட்கார்ந்திருந்தார்.

"ஜொரம்னு சொன்ன?"

"நீ கலங்கல்னு சொன்ன?"

"என்ன உட்டுட்டு வருவியோன்னு ஒரு டவுட்டு. அதான் பாக்க வந்தேன்."

"பாக்க வர்றவனுக்குத் தூண்டில் எதுக்கு?"

"சும்மா போட்டுகினு கீறேன் மச்சான். வெறும் முள்ளுதான்."

"எடுத்துக் காட்டு."

மோகன் அசையவில்லை. முள்ளில் மாவு இருந்தால் கல்யாணம் நின்றுவிடும். வெறும் முள்ளாக வந்தால்? மாவை மீன் தின்றுவிட்டுப் போயிருக்கலாமே. கோதண்டத்துக்கு மகளின் முகம் ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது. காட்டச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று நினைத்தார்.

அப்போது தக்கை ஆடியது. காற்றாகவும் இருக்கலாம்.

5

முதலில் எழுதிய முடிவில் மோகன் அழுதார். அந்த முடிவை அடித்துவிட்டேன். இரண்டாவதில் இருவரும் சிரித்தார்கள். அதை நானே நம்பவில்லை. தூண்டிலை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். இழுத்துப் பார்ப்பதோ விடுவதோ உங்கள் பாடு. பெண்ணைக் கொடுக்கப் போகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார், அதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. மடு தடுப்பணைக்குக் கீழே இல்லை. அது இருக்கும் இடத்தை முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிவிடுவேன் என்றா நினைத்தீர்கள்?

அதற்குள் போய்த் தேடிவிட்டு வந்துவிட்டீர்களோ? எங்கே, கையைக் கொடுங்கள் பார்ப்போம்.