வாய் நிறைய வெந்நீர்

மூத்தவர் மாடிப்படியில் கால் வைக்கும்போதே இருமல் இறங்கி வந்து அவரை எதிர்கொண்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையைச் சுரண்டி, கடைசியில் கண்ணில் தண்ணீராக முடிகிற வறட்டு இருமல். கீழே டயர்க் கடைக்காரன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.

“காலையிலேருந்து இதே கச்சேரிதாண்ணே. உங்க தங்கச்சிக்கு நாளைக்குத்தானே குரல் பரீட்சை?”

“ஆமாப்பா.”

“மைக்குல இப்படி இருமுனா பஸ்ஸெல்லாம் தானாவே கிளம்பிடும்.”

மூத்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. படியேறினார்.

தங்கச்சி என்றாலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். நாற்பத்திரண்டு வயதுப் பாப்பா. பேருந்து நிலையத்தில் ஆறு வருஷமாகப் பெருக்குகிறாள். எட்டு நடைமேடை, இரண்டு கழிவறை, டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் உள்ள கூடம், எல்லாம் அவள் விளக்குமாறுக்குக் கீழேதான். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்து எழுந்தால் கதவுக் கீல் மாதிரி சத்தம் வரும். ஒரு நாள் அறிவிப்புச் சொல்கிற ஆள் வராமல் போக, “யாராவது சொல்லுங்கப்பா” என்று மேலாளர் கத்த, விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாப்பா போய் மைக்கைப் பிடித்தாள். ஆறு வருஷம் காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தாள். அன்றைக்குப் பிறகு ஆள் வராத நாளெல்லாம் அவள்தான். இப்போது அந்த ஆள் ஓய்வு பெற்றாகிவிட்டது. அந்த நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. அந்த நேரம் பார்த்தா ஒன்பது நாளாக இந்த இருமல் வந்து பிடிக்க வேண்டும்? டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை, தொண்டைதான் புண்ணாகியிருக்கிறது, தானாக அடங்கும், பேச்சைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிட்டது. அடங்குகிற வழியைக் காணோம்.

மூத்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அடுப்புத் திண்டின்மேல் வைத்தார்.

“என்னண்ணே அது?”

“உப்பு.”

“என் வீட்டுல உப்பு இல்லையா? உப்புக்கா பஸ் ஏறி வந்தே?”

“உன் வீட்டுல இருக்கறது தூள் உப்பு. இது கல்லுப்பு. அம்மா போட்டது இதுதான். வெந்நீர் வை.”

பாப்பா பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் கொதி வருவதற்குள் படியில் தடதடவென்று சத்தம். தம்பி, சின்னவன். லாரி ஓட்டுகிறவன், படியேறினாலும் லாரி ஏறுகிற மாதிரிதான். கையில் ஒரு பாட்டில்.

“தேன்!” என்றான், வாசலிலேயே நின்று. “கலப்படம் இல்லாதது. வழியில நிறுத்தி வாங்கினேன். அம்மா எனக்கு இதுதான் குடுப்பா. ஒரே நாள்ல நின்னுடும்.”

“தேனா?” மூத்தவர் திரும்பினார். “நம்ம வீட்டுல தேனா? எந்தக் கனவுல கண்டே?”

“நிஜமாண்ணே. வெந்நீர்ல ஒரு கரண்டி விட்டுக் கலக்கிக் குடுப்பா.”

“உப்புத் தண்ணிடா.”

“உனக்கு மறந்துபோச்சு. வயசாயிடுச்சுல்ல?”

“ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு,” என்றாள் பாப்பா. “அம்மா குடுத்தது மிளகு. நாலு மிளகு தட்டி...” மீதி இருமலில் போயிற்று. அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். இருமி முடித்து நிமிர்ந்தபோது முகம் செவசெவ என்று இருந்தது. “தட்டிப் போடுவா,” என்று முடித்தாள்.

யார் சொல்வது சரி என்று முடிவாகாததால் மூன்றும் நடந்தது. அதுதான் அவர்கள் செய்த பைத்தியக்காரத்தனம். முதலில் உப்புத் தண்ணீர் ஒரு டம்ளர். அது இறங்குவதற்குள் தேன் தண்ணீர். அதன்மேல் மிளகுத் தண்ணீர். மருந்துக்கு மேல் மருந்து விழுந்தால் இருமல் மூன்று மடங்கு வேகமாக ஓடிவிடும் என்பது சின்னவனின் கணக்கு. மிளகின் தோல் ஒன்று போய்த் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பாப்பா இருமின இருமலில் கீழே டயர்க் கடைக்காரன், “அண்ணே, ஆட்டோ கூப்பிடட்டுமா?” என்று குரல் கொடுத்தான்.

“உன் மிளகுதான் காரணம்,” என்றார் மூத்தவர் பாப்பாவிடம்.

“இல்ல, உன் உப்பு. தொண்டையைப் புண்ணாக்கிடுச்சு,” என்றான் சின்னவன்.

“தேன் தேன்னு குதிக்காதடா. எனக்கு ஒரு சொட்டு தேன் குடுத்ததில்ல அவ. ஒரு சொட்டு! நான் இருமுனப்போ தேன் இல்ல. நீ இருமுனப்போ மட்டும் எங்கேருந்து வந்துச்சு தேன்?”

சொல்லிவிட்டு மூத்தவர் நிறுத்தினார். நாற்பத்தொன்பது வயது ஆளுக்கு ஒரு கரண்டித் தேனுக்காகக் குரல் உடைந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து அடித்து வெந்துபோன விரல்களைப் பார்த்துக்கொண்டார். பதின்மூன்று வயதில் அவரைக் காண்ட்ராக்டரோடு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன வந்தது, என்ன போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சின்னவன் குரலைத் தணித்துக்கொண்டான். “அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல சேர்ந்தப்புறம்தாண்ணே. அங்க சமையக்காரம்மா காலிப் பாட்டில்ல ஒட்டியிருக்கற தேனைக் கழுவிக் குடுக்கும். அதைத்தான் கொண்டு வருவா.”

“அப்ப எனக்கு?”

“நீ இருந்தப்போ வீட்டுலயே ஊர்த்துணிதானே துவைச்சுட்டிருந்தா? உப்புதான் இருந்திருக்கும்.”

பாப்பா இந்தச் சண்டையில் சேரவில்லை. சேர முடியவில்லை. தொண்டை எரிச்சல் தாங்காமல் வெறும் வெந்நீரை ஒரு வாய் எடுத்து, விழுங்கப் பயந்து, கன்னம் இரண்டும் உப்பலாக அப்படியே நின்றிருந்தாள். அண்ணன் தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை ஆட்டினாள். யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் கரண்டியை எடுத்துப் பாத்திரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்ப, ஜன்னல் பக்கம் விரலை நீட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியில் யாரோ ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் வெள்ளைப் போர்வை ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் வாயில் இரண்டு கிளிப்.

மூத்தவருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அந்தக் கிளிப்பைப் பார்த்தார்.

அம்மாவும் அப்படித்தான். வாயில் எப்போதும் நாலு கிளிப். கொல்லைக்குக் குறுக்கே மூன்று கொடி. ஊரார் வீட்டு வேட்டியும் போர்வையும் திரைச்சீலையும் அதில் ஏறும். பையன் இருமினால் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார வைப்பாள். டம்ளரில் எதையோ கலக்கிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டுச் சொல்வாள், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை: “முழுங்கக் கூடாது. இந்தக் கொடி நிறையற வரைக்கும் வாயிலேயே வச்சுக்க.” அப்புறம் கிளிப்பை வாயில் கவ்விக்கொள்வாள். அதற்கு மேல் அவளும் பேச முடியாது, பையனும் பேச முடியாது. கொல்லை முழுக்க ஈரத்துணி காற்றில் படபடக்கிற சத்தம் மட்டும். போர்வைக்கு இந்தப் பக்கம் பையன், அந்தப் பக்கம் அம்மா. போர்வைக்கு அடியில் அவள் கால் மட்டும் தெரியும். ஈரக் கால், சோப்பு நீரில் வெளுத்த கால். அது ஒரு எட்டு நகரும், நிற்கும், இன்னொரு எட்டு நகரும். மூக்கால் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். வாயில் உள்ள சூடு மெல்ல மெல்ல ஆறும். கொடி நிறைந்ததும் அவள் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்து, தலையை ஒரு அசைப்பு அசைப்பாள். அப்போது விழுங்க வேண்டும். அதுவரை இருமல் எங்கே போயிருந்தது என்றே தெரியாது.

“வாளி,” என்றார் மூத்தவர். “வாளிமேல உக்காத்தி வச்சா.”

பாப்பா கன்னம் உப்பலோடு வேகமாகத் தலையாட்டினாள்.

“எனக்கும்தான்,” என்றான் சின்னவன், வாயைத் திறந்தபடி. “கொடி நிறையற வரைக்கும். எனக்கு மட்டும்தான் அப்படிப் பண்ணினான்னு நெனச்சுட்டிருந்தேன்.”

ஆளுக்கொரு காலத்தில், ஆளுக்கொரு வாளிமேல். மூன்று பேரும் டம்ளரில் இருந்ததைத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். மிளகோ உப்போ தேனோ, அன்றைக்கு வீட்டில் எது இருந்ததோ அதைத்தான் அவள் போட்டிருக்கிறாள்.

“வெறும் வெந்நீர் போதும்போலிருக்கே,” என்று சின்னவன் ஒரு டம்ளர் எடுத்தான். விளையாட்டுக்குத்தான் எடுத்தான். மூத்தவரும் எடுத்தார். வாளி ஒன்றுதான் இருந்தது, அதைப் பாப்பாவுக்கு விட்டுவிட்டு அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். எதிர் மாடிப் பெண் ஒவ்வொரு போர்வையாக விரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் கன்னம் உப்பலாக அவளையே பார்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டு அவள் பயந்து, ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டாள். சின்னவன் மூக்கால் சிரித்து, தண்ணீர் மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். மூத்தவர் அசையவில்லை. வாயில் சூடு ஆறிக்கொண்டே வந்தது. அம்மா போய் ஏழு வருஷத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அன்றைக்குத்தான்.

பாப்பா கால் மணி நேரம் இருமவில்லை. அப்புறம் இருமினாள்.

“வாயில தண்ணி இருக்கற வரைக்கும்தான் நிக்குது,” என்றாள் சோர்ந்துபோய். “தண்ணிய வச்சுக்கிட்டு எப்படிண்ணே படிக்கறது? நாலு நிமிஷம் படிக்கச் சொல்வாங்க.”

“கூப்பிடற வரைக்கும் வச்சுக்க. கூப்பிட்டதும் முழுங்கிட்டுப் போ.”

“நடுவுல வந்தா?”

மூத்தவர் இன்னொரு டம்ளர் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சுண்ணாம்பு தெறித்த கால்சட்டையோடு மூத்தவர் பேருந்து நிலையத்துக்கு வந்தார். அறிவிப்பு அறை மாடியில், கண்ணாடிக்குப் பின்னால். தேர்வு நடத்துகிற அதிகாரி மாடியில் இருக்கவில்லை. கையில் ஒரு அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, கீழே பயணிகளோடு பயணியாக நாலாவது நடைமேடைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாம். பக்கத்துப் பெஞ்சில் பெரிய மூட்டையோடு ஒரு அம்மாள் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

மூத்தவரின் செல்போன் அடித்தது. சின்னவன், சரக்கோடு எங்கேயோ நெடுஞ்சாலையில்.

“ஆரம்பிச்சாச்சா? போனை ஸ்பீக்கருக்குக் காட்டுண்ணே.”

முதலில் ஒரு பையன் படித்தான். வேகமென்றால் வேகம். பஸ் எண்ணும் நடைமேடையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடின. இரண்டாவது ஒரு பெண். குரல் தேன்தான், ஆனால் கடைசி வார்த்தையைத் தானே விழுங்கிவிட்டது. பெஞ்சிலிருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், “என்ன சொல்லுது? எந்த பஸ்ஸாம்?” என்று கேட்டாள்.

மூன்றாவது, பாப்பா.

“பயணிகள் கவனத்திற்கு. பதினேழாம் எண் பேருந்து...”

டக்.

சத்தம் நின்றது. மூத்தவர் மூச்சை அடக்கினார். பொத்தானை அழுத்தினால்தான் வெளியே கேட்கும் என்று அவள் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டாள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருமிக்கொண்டிருக்கிறாள்.

டக். “...ஆஸ்பத்திரி வழியாக, ஆற்றுப்பாலம் செல்வது...” டக். இன்னொரு இடைவெளி. “...நான்காம் நடைமேடையில் நிற்கிறது.”

அதிகாரி தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார். அடுத்த இடைவெளியில் மூத்தவருக்கு அந்த வெறுமையை எப்படியாவது நிரப்ப வேண்டுமென்று தோன்றி, சத்தமாக ஒரு இருமல் இருமினார். பொய் இருமல்தான். ஆனால் முப்பத்தாறு வருஷச் சுண்ணாம்புத் தூசி உள்ளே காத்துக்கொண்டிருந்தது. பொய் மெய்யாகிவிட்டது. விடாமல் வந்தது.

அதிகாரி திரும்பினார். “பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் இருமுங்க. நான் கேக்கணும்.”

“என்னண்ணே, பாப்பாவா இருமுறது?” என்று செல்போனில் சின்னவன் கத்தினான்.

மூத்தவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கட்டணக் கழிவறைச் சுவருக்குப் பின்னால் ஓடினார். இருமிக்கொண்டே சுவரின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அங்கே வார்த்தை காதில் விழவில்லை. குரல் வருவதும் நிற்பதும், வருவதும் நிற்பதும் மட்டும் தெரிந்தது. எத்தனை தடவை நின்றது என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். அவள் அந்த நாற்காலியில் இனி உட்காரப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பெஞ்சிலிருந்த அம்மாள் எழுந்தாள்; அவள் பஸ்ஸைப் பாப்பா சொல்லியிருக்க வேண்டும். மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக ஆறாவது நடைமேடைக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் கைத்தடியோடு எழுந்தார். அப்புறம் பெட்டியோடு இரண்டு பேர். அதிகாரி பென்சிலை அட்டையில் வைத்தபடி அந்த அம்மாள் சரியான பஸ்ஸில் ஏறுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையோ எழுதினார்.

பாப்பா கீழே இறங்கி வந்தபோது கண் கலங்கிச் சிவந்திருந்தது. மூத்தவர் சுவரோரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அதிகாரி அவளிடம் பேசி முடித்திருந்தார்.

“என்னம்மா சொன்னாரு?”

“பொத்தானை விடுறப்போ டக்கு டக்குன்னு பதினோரு தடவை கேட்டுச்சாம்.”

“ஐயோ.”

“அடுத்த தடவை மெதுவா விடச் சொன்னாரு.”

மூத்தவர் அவள் முகத்தையே பார்த்தார். “அடுத்த தடவையா?”

“நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிஃப்ட்டுண்ணே,” என்றாள். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள், கொஞ்ச நேரம் இருமினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நிறுத்தி நிறுத்திச் சொன்னது ஜனங்களுக்குப் புரியுதாம். அதுக்காக வாழ்நாள் முழுக்க இருமணுமான்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல.”

“வா, டீ சாப்பிடலாம்.”

“இரு. இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் நான் பெருக்குறவதான்.” அவள் மூலையில் சாய்த்து வைத்திருந்த விளக்குமாறை எடுத்தாள். குனியப் போனவள் நிமிர்ந்தாள். எதிரே ஒரு ஆள் கையில் சீட்டை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா போகணும்?”

“பாலத்துக்கு.”

“பதினேழு,” என்றாள் பாப்பா. ஒரு மூச்சு விட்டாள். “நாலாவது. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, ஓட வேண்டாம்.”